குறியும் கணியும்

(இலக்கிய மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வருவது அறியும் வழிகள்' என்னும் தலைப்பில் பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்துள்ளனர். இத்தலைப்பில் பேச வருவோர் பெரும்பாலும் இரு சாரார். ஒரு சாரார் குறியும் கணியமும் முற்றும் மெய் என்று நிறுவ வருவர். மற்றொரு சாரார் அவற்றின் அரிச்சுவடியும் அறியாது எள்ளி நகையாட வருவர். நான் இவ்விரு சாராரிலும் சேரேன். சோதிடம் என்று வடசொல்லால் வழங்கும் கணியத்தை முறையாகக் கற்றவன் நான். ஒன்பது ஆண்டுகள் அதனைப் பயின்று, பலர்க்கு நாளும் பொழுதும் குறித்துக் கொடுத்தவன். பின்னர் அதனைக் கைவிட்டவன். ஏன் கற்றேன், ஏன் கைவிட்டேன், கைவிட்ட பின்னும் அதனைக் கற்றல் வேண்டும் என்று ஏன் கூறுகின்றேன் என்னும் மூன்றையும் உங்கள் முன் வைக்கின்றேன்.

கற்ற வகை

என் தாய்மாமன் ஐந்திறம் பார்ப்பதில் வல்லவர். பஞ்சாங்கம் என்று வழக்கில் உள்ளதனையே ஐந்திறம் என்கின்றேன். கிழமை, பிறைநாள், நாண்மீன் ஆகிய மூன்றும், யோகம், கரணம் என்று வடசொற்பெயரால் வழங்கும் இரண்டும் ஆக ஐந்து உறுப்புகளை உடையது அது. என் பதினெட்டாம் அகவையில் அவரிடம் கற்கத் தொடங்கினேன். முதற்கண் அவர் ஏட்டைத் திறக்கவில்லை. மார்கழி இரவுகளில் வீட்டின் மேல்தளத்திற்கு அழைத்துச் சென்று வானத்தைக் காட்டினார். அறுமீன் இது, ஆதிரை இது, வியாழன் இன்று நிற்கும் இடம் இது என்று விரல் நீட்டிக் கற்பித்தார். அதன் பின்னரே மேழம் முதல் மீனம் ஈறாகிய பன்னிரண்டு ஓரைகளையும், ஒன்பது கோள்களையும், பிறப்பியம் கணிக்கும் வகையையும் பயிற்றினார். ஒன்பதனுள் கரும்பாம்பு, செம்பாம்பு என்னும் இரண்டும் வானில் உருவாக இருப்பன அல்ல என்றும், ஞாயிறும் நிலவும் செல்வதாகத் தோன்றும் இரு வழிகளும் ஒன்றையொன்று வெட்டும் இரு புள்ளிகளே அவை என்றும் அவரே கூறினார்.

இராகு காலம் என்று நாம் அஞ்சும் பொழுது எவ்வாறு வந்தது என்பதையும் அவரிடமே அறிந்தேன். பகற்பொழுதை எட்டுப் பங்காக்குவர். ஞாயிறு 6 மணிக்கு எழுவதாகக் கொண்டால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு, காரிக்கிழமைக்கு மூன்றாம் பங்கு, வெள்ளிக்கிழமைக்கு நான்காம் பங்கு என்று ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பங்கை ஒதுக்கி வைத்தனர். அவ்வளவே. அந்த ஒன்றரை மணியில் வானத்தில் புதிதாக எதுவும் நிகழ்வதில்லை.

கைவரை பார்த்தலும், பல்லி சொல்லுக்குப் பொருள் உரைத்தலும், சோழி உருட்டிப் பார்த்தலும் பின்னர்க் கற்றேன். கற்குங்கால் எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்றும் மறைக்க மாட்டேன். வானத்தை நோக்கவும், எண்ணிக் கணக்கிடவும், மாந்தர் முகத்தைக் கூர்ந்து பார்க்கவும் அக்கல்வி என்னைப் பழக்கியது. அதுவரையில் அது நல்ல கல்வியே.

முன்னோர் கொண்ட முறைகள்

அக்கல்வியின் ஊடே எனக்கு ஓர் அவா எழுந்தது. நம் பழந்தமிழ் மக்கள் வருவதறிய எம்முறைகளைக் கையாண்டனர் என்று தேடலானேன். தொல்காப்பியத்தைப் புரட்டினால் விரிச்சி உண்டு, கட்டும் கழங்கும் உண்டு, உன்னநிலை உண்டு, ஓரையும் நாளும் உண்டு. ஓரை என்னும் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது என்பாரும் உளர். தூய தமிழே என்பாரும் உளர். அச்சொல்லாய்வை இன்று விடுத்து, முறைகளையே பார்ப்போம்.

விரிச்சி என்பது நற்சொல் கேட்டல். முல்லைப்பாட்டில் நப்பூதனார் அதனைக் கண்முன் நிறுத்துகின்றார். தலைவன் போர்மேற் சென்றுள்ளான். தலைவி துயருற்றிருக்கின்றாள். முதிய பெண்டிர் மாலைப்பொழுதில் ஊரெல்லைக்குச் சென்று, நாழி நெல்லும் முல்லை மலரும் தூவிக் கைதொழுது நிற்கின்றனர். அருகே கயிற்றில் கட்டுண்ட இளங்கன்று தாயைக் காணாது தவிக்கின்றது. குளிரால் நடுங்கும் தோளிற் கைகளைக் கட்டி நிற்கும் ஆயர்குலப் பெண்ணொருத்தி, உன் தாயர் இதோ வந்துவிடுவர் என்று அதனைத் தேற்றுகின்றாள். அச்சொல்லையே நற்சொல்லாகக் கொண்டு, உன் தலைவன் வருவான் என்று தலைவிக்கு உரைக்கின்றனர்.

அன்பர்களே, இங்குச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். மாலையில் ஊரெல்லையில் நின்றால் வேறு எச்சொல் காதில் விழும்? மேய்ச்சற் புலத்திலிருந்து ஆக்கள் திரும்பும் வேளை அது. கட்டிய கன்றைத் தேற்றுவோர் எவரும் இதோ வந்துவிடும் என்றே கூறுவர். அம்முதிய பெண்டிர் இடத்தையும் பொழுதையும் அறிந்தே தேர்ந்தனர் என்று நான் கருதுகின்றேன். துயருற்றவளுக்கு ஆறுதல் தேடிச் சென்றனர். ஆறுதல் கிடைக்கும் இடத்திற்கே சென்றனர். ஆயினும் பாவலர் என்ன செய்தார் என்று பாருங்கள். நற்சொல் கேட்ட பின்னும் தலைவியின் கண்ணீர் நிற்கவில்லை. வென்று மீளும் படையின் ஒலி காதில் விழும்போதே அப்பாட்டு முடிகின்றது.

இதனோடு புறநானூற்றின் 280-ஆம் பாட்டை ஒப்பிட்டு நோக்குக. மாறோக்கத்து நப்பசலையார் பாடியது அது. கணவன் மார்பிற் புண்பட்டுக் கிடக்கின்றான். நள்ளிரவில் தும்பி ஒலிக்கின்றது; விளக்கு நிலைத்து எரியவில்லை; கூகை குழறுகின்றது. நெல்லும் நீரும் தூவி விரிச்சி கேட்ட முதியவளின் சொல்லும் நிறைவுறவில்லை. அதே நெல், அதே நம்பிக்கை. ஆனால் இம்முறை ஆறுதல் இல்லை. அம்மனைவி குறிகளைப் பார்த்துப் பொய்யாகத் தன்னைத் தேற்றிக்கொள்ளவில்லை. கணவன் பிழையான் என்பதைப் புண்ணின் வெம்மையே அவளுக்குக் கூறிவிட்டது. தனக்கு இனி வரவிருப்பதை நேர்நின்று நோக்குகின்றாள்.

அடுத்தது கட்டும் கழங்கும். மகள் மெலிந்தாள் என்றால் தாய் கட்டுவிச்சியை அழைப்பாள். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பி நந்நான்காக எண்ணுவாள். எஞ்சுவது ஒன்று, இரண்டு, மூன்று என்றால் முருகனால் வந்த வருத்தம் என்றும், எச்சமின்றி நான்காக முடிந்தால் வேறு நோய் என்றும் கூறுவாள் என்று இம்முறையை விளக்குவர். கணக்கறிந்தோர் இதன் உள்ளீட்டை உடனே உணர்வீர்கள். நான்கு வாய்ப்புகளில் மூன்று முருகன்பாற் செல்கின்றன. எனவே பெரும்பாலும் வேலன் வருவான், வெறியாட்டு நிகழும், ஆடு வெட்டப்படும். கழங்கும் இத்தகையதே. கழற்சிக்காயை எண்ணிப் பார்த்து வேலன் குறி உரைப்பான். ஐங்குறுநூற்றில் கபிலர் வெறிப்பத்து என்று பத்துப் பாடல்களையே இதற்கெனப் பாடியுள்ளார்.

பாவலர் கண்ட உண்மை

இம்முறைகள் யாவும் நம் முன்னோரிடை இருந்தன. இருந்தனவா என்று ஐயுறுவோர்க்குச் சான்று மலைபோல் உள்ளது. ஆனால் அவற்றைப் பாடிய நம் பாவலர்கள் அவற்றுக்கு அடிமையாயினரா? இதுவே நான் உங்களை எண்ணிப் பார்க்க வேண்டும் வினா.

குறுந்தொகையின் 23-ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஔவையார் பாடியது. சங்குமணி போல் நரைத்த கூந்தலை உடைய அகவன் மகள் குறி பார்க்கும்போது மலைகளைப் பாடுகின்றாள். தோழி குறுக்கிடுகின்றாள், அவருடைய மலையைப் பாடினாயே, அதனை மீண்டும் பாடு என்கின்றாள். 'அவர்' யார் என்று தாய் கேளாதிருப்பாளா? நெல்லெண்ணிக் காண முடியாத உண்மை தோழியின் ஒரு சொல்லால் வெளிப்பட்டுவிட்டது.

அதே தொகையில் 362-ஆம் பாட்டில் தோழி வேலனையே கேட்கின்றாள். நீ ஆட்டை வெட்டி இவள் நெற்றியில் நீவிப் பலியிடுகின்றாயே, இவளை வருத்திய மலைநாடனின் மார்பும் அப்பலியை உண்ணுமோ என்கின்றாள். நற்றிணை 34-ஆம் பாட்டிலோ இன்னும் ஒருபடி மேலே சென்று, வேலன் அழைத்ததற்காக இங்கு வந்து நின்றாயே, நீ கடவுளே ஆனாலும் அறியாமை உடையை என்று முருகனையே இடித்துரைக்கின்றாள். குறியை நம்பும் மன்றத்தின் நடுவில் நின்று ஒரு பெண் இவ்வாறு பேசுவதாகப் பாடுதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்!

அரசர்பாற் செல்வோம். உன்னம் என்பது ஒரு மரம். போர்க்குச் செல்லுமுன் அம்மரம் தழைத்து நின்றால் வெற்றி என்றும், வாடி நின்றால் தோல்வி என்றும் கொண்டனர். பதிற்றுப்பத்தின் 61-ஆம் பாட்டில் கபிலர் தம் அரசனாகிய பாரியை உன்ன மரத்திற்குப் பகைவன் என்று புகழ்கின்றார். தீக்குறி காட்டினும் அதனை மதியாது சென்று வெல்பவன் என்பது கருத்து. குறியை வென்றவன் என்பதே அங்கு வாழ்த்து.

மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடிய புறநானூற்று 124-ஆம் பாட்டும் இவ்வகையதே. நல்ல நாள் அல்லாத நாளில் புறப்பட்டு, புள் தடுத்தும் நில்லாது சென்று, பொழுதல்லாப் பொழுதிற் புகுந்து, பொருந்தாச் சொற்களைச் சொன்னாலும், அவனிடம் சென்றோர் வெறுங்கையோடு மீளார் என்கின்றார். நாளும் புள்ளும் செய்வதை ஒரு மாந்தனின் ஈகை வென்றுவிடும் என்பதே இதன் பொருள்.

இவ்வனைத்திலும் என் நெஞ்சைத் தைத்த பாட்டு ஒன்று உண்டு. ஓரியைக் கழைதின் யானையார் பாடிய 204-ஆம் புறப்பாட்டு அது. வள்ளலை நாடிச் சென்றோர் ஒன்றும் பெறாது திரும்பினால், அவனைப் பழிப்பதில்லையாம்; தாம் புறப்பட்ட பொழுதையும் எதிர்ப்பட்ட புள்ளையுமே பழிப்பராம். படிக்கும்போது ஏதோ நயம் என்று கடந்து சென்றேன். அதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது ஒரு சாவு வீட்டில்.

நான் குறித்த நாள்

முப்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. எங்கள் தெருவில் நெசவாளர் ஒருவர் இருந்தார். அவர் மனைவி மகப்பேறு முடிந்து பன்னிரண்டாம் நாள் காய்ச்சலிற் கிடந்தார். நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுமாறு செவிலி கூறிவிட்டார். செவ்வாய்க்கிழமை மாலை அந்நெசவாளர் என்னிடம் வந்தார். "எப்பொழுது புறப்படலாம், ஐயா? நல்ல பொழுதாகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

நான் ஐந்திறத்தைப் புரட்டினேன். அவ்வம்மையாரின் பிறப்போரைக்கு எட்டாம் ஓரையில் நிலவு புகுந்திருந்தது. சந்திராட்டமம் என்று அதனைக் கூறுவர். நிலவு ஓர் ஓரையைக் கடக்க ஏறத்தாழ இரண்டேகால் நாள் ஆகும். வெள்ளிக்கிழமை காலையில் புறப்படுக என்று கூறினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சென்றார். நான் நன்மையே செய்துவிட்டதாக எண்ணி இரவு அமைதியாக உறங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் புறப்பட்டார்கள். அவ்வம்மையார் வீடு திரும்பவில்லை. மகப்பேற்றுக்குப் பின் வரும் காய்ச்சல் நாழிகைக் கணக்கில் முற்றக்கூடியது என்பதையும், அதற்கு உரிய மருந்து உண்டு என்பதையும், காலம் கடந்தால் அம்மருந்தும் உதவாது என்பதையும் பின்னர் ஒரு மருத்துவரிடம் கேட்டறிந்தேன். கைக்குழந்தை பாட்டியின் மடியில் இருந்தது.

சாவு வீட்டிற்குச் சென்றேன். எல்லாரும் என்னைப் பழிப்பர் என்று அஞ்சிக்கொண்டே சென்றேன். அன்பர்களே, ஒருவரும் என்னைப் பழிக்கவில்லை. "நாள் நன்றாயில்லை என்று ஐயா அன்றே சொன்னார், சொன்னபடியே ஆகிவிட்டது" என்று பெரியவர் ஒருவர் கூறினார். சூழ இருந்தோர் ஆம் என்று தலையசைத்தனர். அந்நெசவாளரும் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

புள்ளையும் பொழுதையும் பழிப்பதல்லால் ஆளைப் பழியார் என்று பாவலர் பாடியதன் பொருள் அந்தத் திண்ணையில் எனக்கு விளங்கிற்று. வள்ளலின் பெருமையைக் காக்கப் பாடப்பட்ட அக்கருத்து என் குற்றத்தையும் அல்லவா மறைத்துவிட்டது! நான் சொன்ன நாள் ஓர் உயிரைக் குடித்தது; ஊரார் கணக்கிலோ என் புகழ் ஏறியது.

என் மாமன் ஒரு குறிப்பேடு வைக்கும்படி என்னைப் பழக்கியிருந்தார். நான் கூறியவற்றுள் வாய்த்தவற்றை எழுதி வைக்கும் ஏடு அது. அன்றிரவு அதனைத் திறந்தேன். அவ்வேட்டின் முறைப்படி இந்நிகழ்ச்சியையும் வாய்த்தவற்றின் வரிசையிலேயே எழுதியாக வேண்டும். தீய நாள் என்றேன், தீமை வந்தது, கணக்குச் சரி. எழுதுகோலைக் கையில் எடுத்தேன், எழுத இயலவில்லை. ஒன்பது ஆண்டு எழுத்துகளையும் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். வாயாதவற்றிற்கு அவ்வேட்டில் ஓரிடமும் இல்லை. வாய்த்தன என்று எழுதியவற்றுள்ளும், எப்படி நிகழ்ந்திருந்தாலும் வாய்த்தது என்று எழுதத்தக்கனவே பல. அன்று மூடிய ஏட்டை அதன் பின் பிறர்க்கு நாள் குறிப்பதற்காக நான் திறக்கவில்லை.

ஆய்ந்தோர் கண்டது

என் ஒருவன் பட்டறிவு போதாது என்பீர்கள். முறையாக ஆய்ந்தோர் கண்டவற்றையும் கூறுகின்றேன்.

1948-இல் அமெரிக்க நாட்டு உளவியல் ஆசிரியர் போரர் என்பார் தம் மாணவர் 39 பேர்க்கு, உங்கள் இயல்பைத் தனித்தனியே கணித்துள்ளேன் என்று கூறி ஒவ்வொரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகின்றது என்று ஐந்துக்கு மதிப்பிடச் சொன்னார். மாணவர்கள் ஒட்டுமொத்தமாக நான்குக்கும் மேலே மதிப்பளித்தனர். பின்னரே அவர்கள் அறிந்தனர், அனைவர்க்கும் கொடுக்கப்பட்டது ஒரே எழுத்து என்று! கணிய நூலொன்றிலிருந்து திரட்டிய பொதுச்சொற்கள் அவை. வெளியே துணிவுடையவர், உள்ளே கவலையுடையவர் என்றாற் போன்ற சொற்கள் எவர்க்குத்தான் பொருந்தா?

1985-இல் கார்ல்சன் என்பார் மேலை நாட்டுக் கணியர் 28 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்து 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளியிட்டார். ஒருவரின் பிறப்பியத்தைக் கொடுத்து, மூவரின் இயல்பைக் கூறும் தாள்களுள் அவர்க்குரியது எது என்று தேரச் சொன்னார். கண்ணை மூடி எடுத்தாலும் மூன்றில் ஒன்று சரியாகும். கணியர்களும் அந்த அளவினரே ஆயினர்.

நம் நாட்டிலும் இவ்வாய்வு நடந்துள்ளது. வானியல் அறிஞர் சயந்த் நார்லிகரும் அவர்தம் குழுவினரும் மராட்டிய மாநிலத்தில் நடத்திய அதன் முடிவு 2009-இல் வெளிவந்தது. கல்வியிற் சிறந்த சிறார் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய சிறார் 100 பேர் ஆகியோரின் பிறப்பியங்களைத் திரட்டினர். 27 கணியர்க்குத் தலைக்கு 40 பிறப்பியங்கள் கொடுத்து, எது எவ்வகைச் சிறார்க்குரியது என்று பிரிக்கச் சொன்னார்கள். சரியாக வந்தது ஒட்டுமொத்தமாக 46 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டாலும் 50 விழுக்காடு வரும். அக்குழுவில் ஒருவராகிய நரேந்திர தாபோல்கர், மூடநம்பிக்கைக்கு எதிராக வாழ்நாளெல்லாம் உழைத்தவர். அவர் 2013-இல் புனே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வினா எழுப்புவோர் எவ்விலை கொடுக்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இன்னொன்றும் கூறுவேன். வாக்கிய ஐந்திறம், திருக்கணித ஐந்திறம் என இரண்டு நம்மிடை உள்ளன. சனிக்கோள் கும்பத்திற்குப் பெயர்ந்த நாள் திருக்கணிதப்படி 2023 சனவரி 17. வாக்கியப்படி 2023 திசம்பர் 20. வானம் ஒன்று, கோள் ஒன்று, இடைவெளி பதினொரு திங்கள்! அந்தப் பதினொரு திங்களில் திருமணத்தைத் தள்ளி வைத்தவர்களும், தொழில் தொடங்க அஞ்சியவர்களும் எந்தச் சனியைக் கண்டு அஞ்சினர்?

மூவாயிரம் ஆண்டுகட்கு முன் சீனத்துச் சாங் அரச மரபினர் எருதின் தோளெலும்பிலும் ஆமையோட்டிலும் சூடிட்டு, தோன்றும் வெடிப்பைக் கொண்டு குறி பார்த்தனர். கேட்ட வினாவையும், சிலவற்றில் கூறிய குறியையும், பின்னர் நிகழ்ந்ததையும் அவ்வெலும்பிலேயே பொறித்து வைத்தனர். 1899-இல் அவை அறிஞர் கண்ணிற்பட்டன. சீன எழுத்தின் பழைமையை இன்று நமக்குக் காட்டுவன அவைதாம். நிகழ்ந்ததையும் எழுதி வைக்கும் அந்தப் பழக்கத்தை நானும் என் ஏட்டில் நேர்மையாகக் கொண்டிருந்தால், ஒன்பது ஆண்டுகள் வேண்டியிரா. ஓராண்டில் உண்மை விளங்கியிருக்கும்.

கொள்ளத்தக்கது எது?

அங்ஙனமாயின் குறி சொல்வோர் அனைவரும் ஏய்ப்போரோ என்று கேட்பீர்கள். அவ்வாறு நான் கூறேன். பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி வருகின்றாள். தரையை மெழுகச் சொல்கின்றாள், கோலமிடச் சொல்கின்றாள், பெண்ணின் கையைப் பற்றுகின்றாள், முகத்தைப் பார்க்கின்றாள், அவள் நெஞ்சில் உள்ளதைச் சிறிது சிறிதாக அவிழ்க்கின்றாள். வீட்டில் உள்ளோர் எவரும் அப்பெண்ணிடம், உனக்கு என்ன வருத்தம் என்று அமர்ந்து கேட்டதில்லை. குறத்தி கேட்டாள். நாம் 'குறி கேட்கப் போகின்றோம்' என்கின்றோம். உண்மையில் குறி சொல்பவளே நம்மைக் கேட்கின்றாள். அந்தக் கேட்கும் திறம் கற்கத்தக்கது. தெருவில் உடுக்கையடித்து ஒருபிடி அரிசிக்கு நற்சொல் கூறிச் செல்லும் எளியவர்மேல் எனக்குச் சினம் இல்லை. ஒரு பெண்ணின் திருமணத்தைச் செவ்வாய்க் குற்றம் என்று தடுப்பவன்மேலும், நோயாளியின் வாயிலில் நாள் பார்த்து நிற்பவன்மேலும், நேற்றைய என்மேலும்தான் எனக்குச் சினம்.

காலம் பார்த்தல் வேண்டாவோ என்றால், வேண்டும். திருவள்ளுவர் காலம் அறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அங்கு அவர் காட்டும் சான்று காக்கையும் கூகையும். கூகைக்கு உரிய பொழுது இரவு. எனவே காக்கை பகலில் அதனை வெல்லும். இதில் நாண்மீன் இல்லை, ஓரை இல்லை. எதிரியின் இயல்பும், தன் வலிமையும், செயலுக்கு ஏற்ற பொழுதும் உண்டு. நோய்க்கு எதிரே நமக்கு ஏற்ற பொழுது எது? நோய் முற்றுவதற்கு முன்னுள்ள பொழுது. இதனையன்றோ அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையில் நான் கூறியிருத்தல் வேண்டும்!

கணி என்னும் நம் சொல்லைப் பாருங்கள். எண்ணுதல், அளத்தல், ஆய்ந்து உணர்தல் என்பனவே அதன் பொருள். மலையில் பூத்துத் தினையறுக்கும் பொழுதைக் காட்டுவதால் வேங்கை மரத்தையும் கணி என்று போற்றினர். இன்று கணினி என்னும் பெயரும் அவ்வேரில் முளைத்ததே. அக்கணினியையும் கைப்பேசியையும் கொண்டு இமைப்பொழுதில் பிறப்பியம் கணித்துத் தருகின்றனர். கணக்கு விரைந்ததே தவிர, கணக்கின் முடிவில் கூறும் பலன் அதே பழைய பலன்தான். எண்ணிப் பார்ப்பதற்கு நாம் வைத்த பெயரை, எண்ணாமல் அஞ்சுவதற்குக் கருவியாக்கிவிட்டோம்.

கணியன் என்னும் அடைமொழியைத் தன் பெயரிலேயே தாங்கிய பூங்குன்றனாரை நினைவு கொள்க. அவர் கணியத் தொழிலரோ, அக்குடியில் வந்தவரோ, அறிஞர் பலவாறு கூறுவர். ஆற்றுநீரிற் செல்லும் மிதவைபோல் உயிர் முறைவழியே செல்லும் என்று உணர்ந்த அவர்தாம், நமக்கு வரும் நன்மையும் தீமையும் பிறர் கொணர்ந்து தருவன அல்ல என்றும் பாடினார். கோள் தரும் என்று அவர் எங்கும் கூறவில்லை.

இளைஞர்களே, உங்களிடம் நான் வேண்டுவன மூன்று. ஒன்று, விரிச்சி, கட்டு, கழங்கு, புள், உன்னம் என்னும் இச்சொற்களையும் முறைகளையும் கற்றுக்கொள்ளுங்கள். அவை நம் முன்னோரின் அச்சத்தையும் அவாவையும் நமக்குக் காட்டுவன. மற்றொன்று, எவரேனும் வருவது உரைத்தால் அதனை நாளிட்டு எழுதி வையுங்கள். வாய்த்ததையும் வாயாததையும் அடுத்தடுத்து எழுதுங்கள். ஏடே உங்களுக்கு ஆசிரியராகும். இன்னொன்று, நோயுற்றவர் வீட்டிலிருந்து எவரேனும் உங்களிடம் நாள் கேட்டு வந்தால் ஐந்திறத்தைத் தொடாதீர்கள், வண்டியைப் பூட்டுங்கள்.

அன்று பாட்டியின் மடியில் இருந்த குழந்தை இன்று வளர்ந்து ஆளாகியிருக்கின்றாள். அவளைத் தெருவிற் காணும்போதெல்லாம் நான் தலைகுனிகின்றேன். அவளோ பெரியவர் என்று எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கின்றாள். தாய் இறந்ததற்கு நாள்தான் குற்றம் என்று அவளுக்கும் சொல்லி வளர்த்திருக்கின்றனர். சென்ற திங்கள் அவள் வீட்டிற்குச் சென்று, நாள் அன்று, நான்தான் என்று கூறினேன். நெடுநேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "இதை ஊரறியச் சொல்லுங்கள், ஐயா" என்றாள். அவள் கூறியதனாலேயே இன்று இம்மேடையில் நிற்கின்றேன்.